பள்ளியில் உழைத்த குதிரையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்

குதிரையேற்றப் பள்ளி ஒன்று மூடப்படுகிறது. உங்கள் மகள் ஏறிப் பழகிய 16 வயதுக் காயடித்த ஆண்குதிரையையும், அதன் பக்கத்துக் கொட்டடியிலேயே எப்போதும் நிற்கும் மட்டக்குதிரையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டும் பரம சாது. வயதான பள்ளிக் குதிரைகளை வாங்குவது சரியா, வாங்கினால் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் இதுவரை பார்த்த சாதுத்தன்மையில் எவ்வளவு அந்தக் குதிரைக்குச் சொந்தம், எவ்வளவு அந்தப் பள்ளிக்குச் சொந்தம் என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஏனெனில் உங்கள் இடத்துக்கு வந்து சேரப்போவது குதிரை மட்டும்தான். பள்ளி கூடவே வராது.

வயதைப் பற்றிய தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். மட்டக்குதிரைகள் 30 வயதைக் கடப்பது அபூர்வமல்ல. 16 வயதில் ஒரு குதிரை உலகத்தைப் பெரும்பாலும் பார்த்து முடித்திருக்கும். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தானும் கற்றுக்கொண்டிருக்கும் 5 வயதுக் குதிரையைவிட அது பல மடங்கு பாதுகாப்பானது. இளங்குதிரையும் பிள்ளையும் சேர்ந்து வளரட்டும் என்று ஆசைப்படும் பெற்றோர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையே வருகிறது. ஆகவே வயது உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. அந்த வயதுக்குள் அது எப்படி உழைத்தது, அந்த உழைப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

பள்ளிகள் குதிரைகளை விற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பள்ளி மூடப்படுவது அவற்றுள் வாங்குபவருக்கு மிகவும் சாதகமானது. ஏனெனில் அப்போது நல்லதும் விற்பனைக்கு வருகிறது. நடந்துகொண்டிருக்கும் பள்ளி ஒரு குதிரையை மட்டும் தேர்ந்து விற்கிறது என்றால், தன் வேலைக்கு அது இனிப் பொருந்தவில்லை என்று அது முடிவு செய்திருக்கிறது என்று பொருள். அந்தப் பொருத்தமின்மை உங்களுக்குப் பொருட்டாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு நாளில் பலமுறை வேலை செய்ய மூட்டு ஒத்துழைக்காத குதிரை, வாரத்தில் சில நாள் மென்மையான சவாரிக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். புதிது புதிதாகப் பிள்ளைகள் வந்து ஏறுவதைச் சகிக்க முடியாமல் சிடுசிடுப்பாகிவிட்ட மட்டக்குதிரை, ஒரே பிள்ளையிடம் வளரும்போது ஆளே மாறிப்போகும். ஆனால் முன்னறிவிப்பின்றித் திமிறி ஆட்களைக் கீழே தள்ளும் பழக்கத்தால் விலக்கப்பட்ட குதிரை எங்கே போனாலும் அதே குதிரைதான். எனவே விலை பேசுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். உரிமையாளரிடம் மட்டுமல்லாமல், தினமும் அதற்குத் தீனி வைப்பவரிடமும் தனியாகக் கேளுங்கள். லாயத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒரு குதிரையிடம் இருக்க முடியாது.

இனி அந்தச் சாதுத்தன்மைக்கு வருகிறேன். பள்ளியில் ஒரு குதிரை நாளுக்கு 2, 3 மணி நேரம், வாரத்தில் 5 அல்லது 6 நாள் வேலை செய்கிறது. அத்தனை வேலைக்குப் பின் எஞ்சும் துள்ளல் குறைவு. அதே குதிரை உங்களிடம் வந்து வாரத்தில் 3 முறை அரை மணி நேரம் நடந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் நல்ல தீனியுடன் ஓய்வாக நிற்குமானால், சில வாரங்களில் அதன் உடம்பில் செலவழியாத ஆற்றல் சேரும். முதல் இரண்டு வாரம் புது இடத்தின் திகைப்பில் அடங்கி நிற்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு வாலைத் தூக்கி ஓடும். ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று பெற்றோர் கொதிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பல நேரங்களில் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். வேலை வெகுவாகக் குறைந்தும் தீனி குறையாததே காரணமாக இருக்கும்.

அடுத்தது கூட்டம். பள்ளிக் குதிரை தன் வாழ்நாளில் பெரும்பகுதியை முன்னே செல்லும் குதிரையின் வாலைப் பார்த்தபடி கழித்திருக்கிறது. பயிற்சித் திடலில் உங்கள் மகள் காலால் அழுத்தியதும் அது நடையிலிருந்து, நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளுநடைக்கு மாறியது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முன்குதிரை மாறியதால் அதுவும் மாறியிருக்கலாம். அல்லது பயிற்சியாளரின் குரலைக் கேட்டு மாறியிருக்கலாம். ஒரு பாடத்தின் கடைசி நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாணவர்களை நோக்கி, குரலை இறக்கி ஏதோ சொல்லத் தொடங்குவார்; அந்தக் கணமே வரிசையில் இருக்கும் பழைய குதிரைகள் காதைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, யாரும் கடிவாள வாரை இழுக்காமலேயே திடலின் நடுவுக்கு வந்து வரிசையாக நின்றுவிடும். மேலே இருக்கும் பிள்ளைகள் தாங்கள்தாம் நிறுத்தியதாக எண்ணி அவற்றின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார்கள். இது குதிரையின் குறையல்ல, மிகுந்த அறிவு. ஆனால் குரலும் வரிசையும் இல்லாத உங்கள் இடத்தில் அந்த அறிவு வேலை செய்யாது.

அதனால் வாங்குமுன் ஒரு சோதனை கேளுங்கள். வகுப்பு நடக்காத நேரத்தில், முந்தைய நாள் முழுவதும் வேலை செய்யாத நிலையில், அந்தக் குதிரையைத் தனியாக வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் ஏறட்டும். பிறகு உங்கள் மகள் ஏறட்டும். திடலில் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வையுங்கள். வாசலைத் தாண்டி, மற்ற குதிரைகள் கண்ணுக்குத் தெரியாத இடம் வரை நடத்திச் சென்று திரும்புங்கள். வாசலில் கால் ஊன்றி நின்றுவிட்டாலோ, கனைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாலோ, அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனியாகச் செல்வது அதற்குத் தெரியாத பாடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுக்கலாம். கையால் பிடித்து நடத்திச் செல்வதில் தொடங்கி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நம்பிக்கையான துணைக்குதிரையுடன் சில முறை சென்றபின் தனியே சென்றால் பெரும்பாலான குதிரைகள் சில மாதங்களில் பழகிவிடும். ஆனால் அந்த மாதங்களில் மேலே இருக்க வேண்டியவர் திறமையான பெரியவர். உங்கள் மகள் அல்லர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலர் இதைப் பேசுவதில்லை. சில பள்ளிக் குதிரைகளிடம் நாம் காண்பது அமைதியே அல்ல, அவை மரத்துப்போயிருக்கும். நூற்றுக்கணக்கான பழகாத கைகள் வாயை இழுத்து, பழகாத கால்கள் விலாவை உதைத்து, எந்த எதிர்ப்புக்கும் பலனில்லை என்று கண்டபின் அது பதில் சொல்வதையே நிறுத்திவிடுகிறது. உண்மையில் அமைதியான குதிரை நீங்கள் அருகில் செல்லும்போது காதைத் திருப்பும், முகர்ந்து பார்க்கும், கண் உங்களைத் தொடரும். மரத்துப்போன குதிரை கொட்டடியின் மூலையைப் பார்த்தபடி நிற்கும், காது அசையாது, நீங்கள் தொட்டாலும் கண்ணில் மாற்றம் இருக்காது. இப்படிப்பட்ட குதிரையை வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல இடத்தில் அது மெல்ல விழித்துக்கொள்வதைப் பார்ப்பது குதிரை வளர்ப்பில் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சிகளில் ஒன்று. ஆனால் விழிக்கும்போது முதலில் வெளிவருவது நன்றியாக இருக்காது. அத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்த புகார்களே வெளிவரும். வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும். முதுகைத் தேய்த்தால் நெளியும். குணம் கெட்டுவிட்டது என்று அடிக்காதீர்கள். சேணம் பொருந்துகிறதா, முதுகு வலிக்கிறதா, இரைப்பையில் புண் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்; பெரும்பாலும் இவற்றுள் ஒன்றில் விடை இருக்கும்.

உடல் பரிசோதனைக்கு வருவோம். உங்களுக்கென்று தனியாக ஒரு கால்நடை மருத்துவரை, அதுவும் குதிரைகளில் அனுபவமுள்ளவரை, அமர்த்திக்கொள்ளுங்கள். பள்ளியின் மருத்துவர் எவ்வளவு நல்லவராயினும் அவருடைய வாடிக்கையாளர் விற்பவர்தான். பரிசோதனை நாளில் குதிரை கொட்டடியிலிருந்து அப்போதுதான் வெளியே வருவதாக இருக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ள குதிரை வெளியே வந்த முதல் பத்து நிமிடங்கள் விறைப்பாக நடந்து, உடம்பு சூடேறியதும் சீராகிவிடும். நீங்கள் போய்ச் சேரும்போதே அது வியர்வையுடன் சேணம் பூட்டி நின்றால், அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

கடினமான சமதரையில் அதை நேர்க்கோட்டில் துள்ளுநடையில் ஓடவிடச் சொல்லிவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையை மட்டும் கேளுங்கள். இரண்டு சம அடிகளாக விழ வேண்டிய ஓசையில் ஒன்று மெலிந்து மற்றொன்று அழுத்தமாக விழுந்தால் எங்கோ வலி இருக்கிறது. பிறகு கண்ணால் பாருங்கள்: வலியுள்ள முன்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்காலில் வலியென்றால் அந்தப் பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். மருத்துவர் ஒவ்வொரு காலாக மடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, விட்டவுடன் ஓடவிடுவார். அதன்பின் எத்தனை அடிகள் நொண்டுகிறது என்பதைக் கவனிப்பார். நீண்ட கயிற்றில் கட்டிச் சிறு வட்டமாக, கடினத் தரையிலும் மணலிலும், இரு திசைகளிலும் ஓடவிடுவார். நேர்க்கோட்டில் மறைந்திருக்கும் நொண்டல் வட்டத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். பள்ளிக் குதிரையோ வாழ்நாள் முழுவதும் வட்டமடித்தே உழைத்தது.

அன்றே இரத்த மாதிரியும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணிகள் ஒரு நொண்டிக் குதிரையைச் சில நாட்களுக்கு நன்றாக நடக்க வைத்துவிடும். பிரிட்டனில் வாங்குமுன் செய்யும் முழுப் பரிசோதனையில் இப்படி இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பாதுகாத்துவைப்பது வழக்கம். பின்னர் சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதித்துப் பார்ப்பார்கள். விற்பவர் தயங்குகிறாரா என்று பார்ப்பதற்காகவாவது இதைக் கேட்கலாம். ஒன்றையும் நினைவில் வையுங்கள்: குதிரை வலிநிவாரணியில் இருப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். தினமும் மருந்து எடுத்துக்கொண்டு நிம்மதியாக இலேசான வேலை செய்யும் முதிய குதிரைகள் ஏராளம். அதை விற்பவர் வாயாலேயே முன்கூட்டிச் சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் நான் கூடுதலாக நம்புவேன்.

16 வயதுக் குதிரையின் கால்களை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். பிள்ளையின் சவாரிக்கு வாங்கும் குதிரைக்கு, நடையில் குறை தெரிந்த இடத்தை மட்டும் படமெடுத்தால் போதும் என்பது என் கருத்து. மருத்துவரிடம், “இது முழு ஆரோக்கியமான குதிரையா?” என்று கேட்காதீர்கள், “வாரத்தில் 3 அல்லது 4 நாள், இவ்வளவு எடையுள்ள பிள்ளை, மென்மையான தரையில், தாண்டுதல் இல்லாமல் சவாரி செய்ய இது பொருந்துமா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எந்த மருத்துவரும் ஆம் என்று சொல்லமாட்டார். இரண்டாவதற்குப் பயனுள்ள பதில் கிடைக்கும்.

மூச்சையும் கவனியுங்கள். ஓய்வில் ஒரு குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். நாடி 28 முதல் 44 வரை இருக்கும். தூசி படிந்த லாயத்தில் பல ஆண்டுகள் உலர்புல் தின்ற குதிரைகளுக்கு ஆஸ்துமா போன்ற மூச்சுநோய் வருவதுண்டு. ஓட்டத்தின் தொடக்கத்தில் ஓரிரு முறை இருமுவதை விற்பவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். புல்லை நனைத்துக் கொடுத்து, நல்ல காற்றோட்டத்தில் வைத்தால் பெரிதும் கட்டுப்படும் நோய்தான். ஆனால் அந்த வேலை தினமும் உங்களுடையது. வயதை உறுதிசெய்யப் பல்லைப் பார்ப்பார்கள். மேல்வரிசையின் ஓர வெட்டுப்பல்லில் 10 வயதளவில் ஒரு பள்ளக்கோடு தோன்றி, 15 வயதில் பாதிப் பல்லையும் 20 வயதில் முழுப் பல்லையும் எட்டும். இது தோராயக் கணக்கே. 16 என்று சொன்ன குதிரைக்குப் பல் 18 என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், பல் 24 என்று சொன்னால் யோசியுங்கள்.

வாங்கியபின் மிகப் பலர் செய்வது, பாவம், இத்தனை நாள் உழைத்தது, இனி ஓய்வெடுக்கட்டும் என்று திடலில் விட்டுவிடுவது. அன்பினால் செய்வதுதான், ஆனால் தேய்ந்த மூட்டுகளுக்கு இதைவிடக் கெடுதலானது அதிகமில்லை. தினமும் சீராக நடந்ததால்தான் அந்தக் கால்கள் இயங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று வேலையை நிறுத்தினால் தசை கரையும், மூட்டு விறைக்கும். 3 மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வரும் குதிரையைப் பார்த்து, பள்ளி நோய்க்குதிரையைத் தலையில் கட்டிவிட்டது என்று முடிவு செய்வார்கள். வேலையைப் படிப்படியாகக் குறையுங்கள். முதல் மாதத்தில் பள்ளியில் செய்ததில் பாதி. பிறகு அதன் நடையைப் பார்த்து அதிலும் குறையுங்கள், அல்லது அப்படியே தொடருங்கள். சவாரி இல்லாத நாளிலும் நடக்க வேண்டும். இரவும் பகலும் கொட்டடியில் அடைத்துவைப்பதைவிட நாள் முழுதும் திறந்த திடலில் சுற்றவிடுவது நல்லது. ஒவ்வொரு சவாரியின் தொடக்கத்திலும் 10 முதல் 15 நிமிடம் வெறும் நடை. லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். லாடத்தைக் கழற்றிவிட நினைத்தால் அவரிடமும் மருத்துவரிடமும் கேட்டபின் செய்யுங்கள், குதிரை வந்து இறங்கிய வாரத்திலேயே செய்யாதீர்கள்.

தீனியைப் பொறுத்தவரை, உங்கள் இரண்டு விலங்குகளுக்கும் இரண்டு வேறு கணக்கு. பள்ளியில் கொடுத்த தீனியையே கொஞ்சம் வாங்கி வந்து, 10 முதல் 14 நாட்களில் சிறிது சிறிதாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவகாசம் வேண்டும், இல்லையேல் கோலிக் எனப்படும் வயிற்றுவலி வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது. பொதுவாக ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை புல்லோ உலர்புல்லோ, உலர்ந்த எடைக் கணக்கில், தின்ன வேண்டும். 450 கிலோ குதிரைக்கு அது 7 முதல் 9 கிலோ. வேலை குறைந்த குதிரைக்குத் தானியம் பெரும்பாலும் தேவையில்லை. முன்பு சொன்ன துள்ளலுக்கு முதல் மருந்தும் தானியத்தை நிறுத்துவதுதான். குதிரைக்கு வயதாக ஆகப் பல் தேய்ந்து மெல்ல முடியாமல் புல்லை உருட்டிக் கீழே துப்பத் தொடங்கும்; ஆண்டுக்கொருமுறையாவது பல்லைக் காட்டுங்கள்.

மட்டக்குதிரைதான் இதில் அபாயமானது. இவை புல் குறைந்த, கரடுமுரடான நிலத்தில் பிழைக்கப் பிறந்த இனங்கள். கொஞ்சம் தின்று அதிகம் சேமிக்கும் உடம்பு. பள்ளியில் தினமும் வேலை செய்ததால் ஒல்லியாக இருந்த மட்டக்குதிரை, உங்கள் பச்சைப் புல்வெளியில் வேலையின்றி நின்றால், ஒரே பருவத்தில் பிடரியில் கெட்டிக் கொழுப்பு ஏறி, லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சிக்கு ஆளாகும். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் திசுக்கள் வீங்கிக் கிழியும் நோய் அது. முன்குளம்பு சூடாக இருப்பதும், குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி பலமாகத் துடிப்பதும், முன்கால்களை முன்னே நீட்டி உடம்பின் பாரத்தைப் பின்கால்களில் சாய்த்து நிற்பதும் அதன் அறிகுறிகள். அப்படிக் கண்டால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். தடுக்கும் வழி எளிது, ஆனால் மனம் கல்லாக வேண்டும்: புல்வெளியில் மேயும் நேரத்தைக் குறைப்பது, மேய்ச்சலைக் கட்டுப்படுத்தும் வாய்க்கூடு போடுவது, வாரந்தோறும் அளவுநாடாவால் மார்புச் சுற்றளவைக் குறித்துவைப்பது. 1983இல் டான் ஹென்னெக்கே வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலை அளவுகோலை மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 5ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 7ஐத் தொட்டால் ஆபத்து. கோடையிலும் முடி உதிராமல் நீண்டு சுருண்டிருந்தால், 15 வயதைக் கடந்த விலங்குகளில் பரவலாகக் காணப்படும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியும், பெர்கோலைடு மாத்திரையால் கட்டுப்படும், ஆனால் வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து எடுப்பது நல்லதா என்றால், ஆம் என்பேன். குதிரை தனியாக வாழும் பிராணி அல்ல. நம்பும் துணை அருகில் இல்லையேல் படுத்து உறங்கக்கூடத் தயங்கும். ஆனால் ஒட்டிக்கொண்ட ஜோடிக்கு ஒரு விலையும் உண்டு: ஒன்றை வெளியே கொண்டுபோனால் மற்றொன்று வேலியோடு ஓடிக் கதறும். வந்த முதல் வாரத்திலிருந்தே சில நிமிடம் பிரிப்பதும் சேர்ப்பதுமாகப் பழக்குங்கள். உங்களிடமோ பக்கத்திலோ வேறு குதிரைகள் இருந்தால், புதியவற்றை 3 வாரம் தனி இடத்தில், தனி வாளி, தனி தேய்ப்புத்தூரிகையுடன் வையுங்கள். பல குதிரைகள் வந்துபோகும் லாயங்களில் ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொற்று சத்தமில்லாமல் தங்கியிருக்கும்; காய்ச்சல், மூக்கொழுகல், தாடைக்கடியில் கழலை வீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த 3 வாரத்தில் சாணத்தில் குடற்புழு முட்டைகளை எண்ணச் செய்து, டெட்டனஸ் உள்ளிட்ட தடுப்பூசிகளையும் சரிபார்த்துவிடலாம்.

எடையைப் பற்றி ஒரு சொல். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. சேணம் 6 கிலோ போனால் பிள்ளைக்கு 44 கிலோ. மூட்டுத் தேய்மானம் இருந்தால் அதிலும் குறையுங்கள். மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதால், இந்தக் கணக்கு எந்த ஆண்டில் இடிக்கும் என்பதை இன்றே யோசித்துவைப்பது நல்லது.

ஏனெனில் மட்டக்குதிரையை ஒருநாள் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும். அப்போது அதற்கு மறுவீடு, அதாவது புதிய வீடு, தேடுபவர் நீங்கள்தாம். சவாரிக்கு உதவாத முதிய குதிரையைத் துணைக்கு மட்டும் வளர்க்கிறேன் என்று சொல்லி இலவசமாக வாங்கி, வலிநிவாரணி ஏற்றி, வயதைக் குறைத்துச் சொல்லி, பிள்ளைகளுக்கான சவாரிக் குதிரையாக விற்றுவிடும் தரகர்கள் உண்டு. இதனால்தான், பிரிட்டனில் 1927இல் ஆடா கோல் தொடங்கிய அமைப்பான இன்றைய வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர், மறுவீடு தரும் குதிரைகளின் உரிமையைக் கைவிடாமல் இரவலாகவே கொடுத்து, அவ்வப்போது நேரில் சென்று பார்க்கிறது. தனி மனிதர்களும் அதே வழியைப் பின்பற்றலாம். எழுத்தில் இரவல் ஒப்பந்தம் போடுங்கள்: உரிமை யாருடையது, மருத்துவச் செலவு யாருடையது, யார் ஏறலாம், விற்கவோ கைமாற்றவோ கூடாது, முடியவில்லையென்றால் எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அடையாள ஆவணத்தின் மூலப்பிரதி குதிரையுடன் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாடுகளில், உரிமையாளர் பெயர் உங்களுடையதாகப் பதிவில் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் வாங்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் கழுத்திலுள்ள சிப்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் உரிமம் பெற்ற குதிரையேற்றப் பள்ளியின் குதிரைகளை ஆண்டுதோறும் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அத்தகைய பதிவுகள் உங்கள் பள்ளியிலும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு மருத்துவர் ஒரு நாளில் சொல்வதைவிடப் பல ஆண்டுப் பதிவுகள் அதிகம் சொல்லும். முடிந்தால் 4 வாரச் சோதனைக் காலம் கேளுங்கள். துள்ளல் வெளிப்படும் மூன்றாவது, நான்காவது வாரம் அதற்குள் வந்துவிடும். பள்ளி மூடப்படுவதால் திருப்பி எடுக்க இடமில்லை என்று சொன்னால், அந்த 4 வாரமும் குதிரை பள்ளியிலேயே நிற்க, வகுப்பு வேலை எதுவும் கொடுக்காமல் நீங்கள் மட்டும் சென்று கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்ல வேண்டும். 16 வயதில் வாங்கும் குதிரையின் கடைசி நாள் பெரும்பாலும் உங்கள் பொறுப்பில்தான் வரும். மருந்துக்கும் அடங்காத வலியில், படுத்தால் எழ முடியாமல், துணையிடமிருந்து ஒதுங்கி நிற்கத் தொடங்கினால், மருத்துவரைக் கொண்டு வலியின்றி உயிரை முடிப்பதை நான் கருணையாகவே பார்க்கிறேன். அந்த நிலையில் அதை வேறொருவரிடம் தள்ளிவிடுவதுதான் கொடுமை. அந்தச் செலவையும், உடலை அகற்றும் ஏற்பாட்டையும், குடும்பத்தில் யார் முடிவெடுப்பது என்பதையும் வாங்கும் ஆண்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகளும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யக்கூடியது இதுதான். பரிசோதனையில் நடை சீராக இருந்து, தனியாக வெளியே செல்லும் சோதனையில் அடங்காத பீதி எதுவும் தெரியாவிட்டால், 16 வயதுக் குதிரையை விலைக்கு வாங்குவேன். முதல் 3 மாதம் அதை ஓட்ட ஒரு திறமையான பெரியவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வாங்குவேன். மட்டக்குதிரையை விலைக்கு வாங்குவதற்குமுன், பள்ளி உரிமையாளர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஓராண்டு இரவலாகத் தருவாரா என்று கேட்பேன். அந்த ஓராண்டில் உங்கள் புல்வெளியை அதன் குளம்புகள் தாங்குகின்றனவா என்பதும், மகள் எவ்வளவு வளர்கிறாள் என்பதும் தெரிந்துவிடும்.